தொலையாத சேலை

பதுளை ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கான கிளினிக். என் இலக்கத்தைக் கூப்பிட்ட தாதி, என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டைக் கட்டை மேசையில் வைத்துவிட்டாள்.

“அக்கா, என்னையத் தெரியுதா?”

தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண். மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு. அவள் ஒரு பார்வை பார்த்தால் இரண்டு இளம் தாதிகள் ஓடிப்போய் வேலை செய்தார்கள்.

“ஒங்க கடையில சாரி மடிச்சேனே. லுணுகலை.”

ஊரைச் சொன்ன பிறகுதான் ஆளைத் தெரிந்தது. அதுவே வெட்கக்கேடு. எங்கள் புடவைக்கடையில் வேலை செய்த பிள்ளைகளை அவர்கள் எந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார்களோ அந்த ஊரை வைத்துத்தான் கூப்பிட்டோம். லுணுகலை, ஸ்பிரிங்வெளி, தெமோதரை. பெற்றவர்கள் வைத்த பெயரை வேலைக்குச் சேர்ந்த அன்று ஒருமுறை கேட்டதோடு சரி. இப்போது அந்த மூன்று பெயர்களும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இங்கே எழுதப் போவதில்லை. அன்று கூப்பிடாத பெயர்களை இன்று என் கதைக்காக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

அவள் என் கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே பேசினாள். ஸ்பிரிங்வெளிப் பிள்ளை கணித ஆசிரியையாம். இப்போது துணை அதிபராகவும் இருக்கிறாளாம். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“தெமோதரைக்காரி லோயர் அக்கா. இங்க பதுளை கோர்ட்லதான். ஒங்க கடையில இருந்து நடந்தா பத்து நிமிசம். ஆனா அந்தத் தெருவுல மட்டும் காலு வைக்க மாட்டா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பட்டியைக் கழற்றினாள். “பிரஷர் கூடிப்போச்சு அக்கா. கொஞ்ச நேரம் உக்காருங்க. திருப்பிப் பாப்போம்.”

வீட்டுக்கு வரும் வழியில் கடைக்குள் நுழைந்து, இந்தச் செய்தியை என் கணவரின் அண்ணனிடம் சொன்னேன். அது நான் செய்த முட்டாள்தனம். என் மாமனார் தொடங்கிய கடை அது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். தம்பி, அதாவது என் கணவர், காலமாகி இரண்டு வருடமாகிறது. அவருடைய பங்கு இப்போது என் பெயரில் இருக்கிறது. ஆனால் கடையில் பேச்சு முழுவதும் நான் பெரிய அத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணனுடையதுதான். நான் பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டவள். இப்போதும் வாரத்தில் நான்கு நாட்கள் போய் உட்காருகிறேன்.

பெரிய அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு யோசனை வரும்போது அப்படித்தான் செய்வார்.

“நர்ஸ், டீச்சர், லோயர். மூணு பேரும் நம்ம கடையில இருந்து போனவங்க! அடுத்த மாசம் மேல் மாடி திறப்புல்ல? மேடையில ஏத்தி பொன்னாடை போர்த்துவோம். ‘எங்கள் கடையில் வளர்ந்த மாணிக்கங்கள்’னு பெரிசா பேனர் அடிப்போம்.”

“அத்தான், மூணாவது பிள்ளை யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“யாரு?”

“தெமோதரை.”

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தார். “அந்தச் சாரி திருடுன புள்ளையா? அடேயப்பா. பரவாயில்ல, அவளையும் கூப்பிடு. பழசெல்லாம் நாம பேச வேணாம்.”

இந்த மனிதர் அதை நடிப்பாகச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கு அது உண்மையாகவே ஆகிப்போயிருந்தது. அன்று மூண்ட கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கடையில் நிற்க இடமில்லை. மயில் கழுத்து நிறத்தில், கடுகு நிறக் கரை வைத்த பட்டுச் சேலை ஒன்றைக் காணவில்லை என்று பெரிய அத்தான் சத்தம் போட்டார். முதல் நாள் மாலை அது இருந்த தட்டை அடுக்கியது தெமோதரைப் பிள்ளை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையை இரண்டாவது தடவை எழுதக் காத்திருந்தாள். கடையில் கூட்டம் குறைந்த நேரங்களில், துணி சுற்றி வரும் அட்டைகளின் பின்பக்கத்தில் பாடம் எழுதிப் பார்ப்பாள். மூன்று பிள்ளைகளில் எனக்குப் பிடித்தவள் அவள்தான்.

கடை அடைக்கும் நேரம் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்து, உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்புவது வழக்கம். அந்த வேலையைச் செய்தது நான். முதல் நாள் மாலையும் செய்தேன். அவளுடைய பையில் ஒரு சோற்றுப் பெட்டி, ஒரு குடை, பொருளியல் பாடப் புத்தகம் மட்டும்தான் இருந்தன. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

பெரிய அத்தான் எல்லோர் முன்பும் என்னைக் கேட்டார். “நீதானே பை பாத்த? ஒழுங்காப் பாத்தியா?”

“பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்” என்றேன்.

அவருடைய சத்தத்துக்குப் பயந்து வந்த வார்த்தை அது. ‘பார்த்தேன், ஒன்றும் இல்லை’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ‘நெனைக்கிறேன்’ என்ற ஒரு சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். பொலிசுக்குப் போவேன் என்றார். தோட்டத்துக்கு ஆளனுப்பி அவளுடைய அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கோலத்திலேயே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், வெறுங்காலோடு கடைக்குள் ஓடிவந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். பெரிய அத்தான் சொன்னார். அவள் மகளைப் பார்த்துத் திரும்பி ஓங்கி ஒரு அறை விட்டாள். தீபாவளிச் சேலை எடுக்க வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு பெரிய அத்தானின் காலில் விழுந்து, பொலிசுக்கு மட்டும் போகாதீங்க முதலாளி என்று அழுதாள்.

பெரிய அத்தான் பெருந்தன்மையாக மன்னித்தார்! “கூட்டிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது” என்றார். பஸ் தெமோதரை போய்ச் சேரும் முன்னே செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி வந்தது. பெரிய தோட்டமொன்றின் கிளாக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு, பார்த்துத் தெரிந்தெடுக்கச் சொல்லி பெரிய அத்தான் தன் கையாலேயே எடுத்து அனுப்பிய சேலைகள். பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தது நான். மேலிருந்து மூன்றாவதாக அந்த மயில் கழுத்துச் சேலை.

அதைத் தூக்கிக்கொண்டு பெரிய அத்தானிடம் போனேன். அவர் முகம் ஒரு கணம் செத்துப் போனது. பிறகு சொன்னார், “உள்ள வை. இப்பப் போய்ச் சொன்னா நம்ம மானம் போயிரும். அவளுக்கும் வேற வேலை கிடைச்சிருக்கும்.”

என் கணவரிடம் சொன்னேன். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அந்த நல்ல மனிதர். நானும் சேலையைத் தட்டில் வைத்தேன். இரண்டாம் நாள் ஒருத்தி வந்து கேட்டாள். நானே விரித்துக் காட்டி, நானே மடித்து, தாளில் சுற்றிக் கொடுத்தேன். “கலர் அருமையா இருக்கு” என்று சொன்னதும் நான்தான்.

இதற்குப் பிறகு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வருடங்கள் போயின. நான் கோயிலுக்குப் போனேன், அன்னதானத்துக்குக் கொடுத்தேன், நல்லவள் என்று பெயர் வாங்கினேன்.

கிளினிக்கில் தாதியைப் பார்த்த மறு வாரம், நீதிமன்றத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு மாடியில் தெமோதரைப் பிள்ளையின் அலுவலகத்தைத் தேடிப் போனேன். இன்னும் இரண்டு சட்டத்தரணிகளோடு சேர்ந்து எடுத்த அறை. வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து பத்துப் பேர் காத்திருந்தார்கள், முக்கால்வாசி தோட்டத்து மக்கள். என் முறை வந்ததும் உள்ளே போனேன். கறுப்புக் கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“உக்காருங்க. என்ன விசயம்?”

அக்கா என்ற சொல் இல்லை.

“என்னையத் தெரியுதா?”

“நல்லாத் தெரியும்.”

வரும் வழியெல்லாம் நான் கோத்து வைத்திருந்த பேச்சு மறந்துபோனது. “அந்தச் சாரி...” என்று தொடங்கினேன்.

“திரும்பி வந்துச்சு. பெட்டிய நீங்கதான் பிரிச்சீங்க. ரெண்டே நாள்ல வித்தீங்க.” சாட்சியிடம் பேசுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். “லுணுகலை அன்னிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தா. அந்த ஞாயித்துக்கிழமையே வந்து என்கிட்ட சொல்லிட்டா.”

அப்படியென்றால் மூன்று பேருக்கும் தெரியும். இத்தனை வருடமும் தெரியும். நான் எதை மூடி வைத்திருப்பதாக நினைத்தேனோ அது அவர்களுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது.

“அப்ப ஏன் என்கிட்ட ஒருத்தரும் கேக்கல?” என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் எனக்குப் புரிந்தது.

“நாங்க வந்து கேக்கணுமா?”

அவள் கையிலிருந்த பேனையை மூடினாள்.

“பெரிய முதலாளி மேல எனக்குக் கோவம் கொறைவுதான். அவரு எங்கள மனுசரா நெனச்சதே இல்ல. நீங்க நெனச்சீங்க. நான் படிக்கணும்னு விடியக்காலையில எழும்ப அலாரம் கடிகாரம் வாங்கிக் குடுத்தீங்க. அப்படிப்பட்ட நீங்க எல்லாருக்கும் முன்னால ‘நெனைக்கிறேன்’னு சொன்னீங்க. அந்தக் கடிகாரத்த அன்னிக்கே நாங்க தண்ணி புடிக்கிற பீலியடிக் கல்லுல அடிச்சு ஒடச்சேன்.”

நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சிரும்மா.”

“ஒங்க மன்னிப்ப நான் வாங்கி என்ன செய்யப் போறேன்? எனக்கு ஒண்ணு செய்யணும்னா எங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க. அம்மா இன்னமும் நான்தான் எடுத்தேன்னு நம்புது.”

“நீ சொல்லலையா?”

“நூறு தடவை சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குது. நம்புனா, என்னைய அடிச்சத நெனச்சு அது சாகணும். அதனால நம்பாம இருக்கு. லோயராகி மொத நாள் கோட்டு போட்டுக்கிட்டுப் போய் நின்னப்பவும், ‘சாமி புண்ணியத்துல திருந்திட்ட’ன்னு சொல்லுச்சு.” அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். “தனியாப் போங்க. பெரிய முதலாளி பேரச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஒங்க வாயால, நீங்க செஞ்சதச் சொல்லணும். இப்ப வெளிய ஆளுக காத்துக்கிட்டிருக்காங்க.”

படியிறங்கும்போது எனக்கு அவள் மீதும் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. நான் அறுபது வயதுக்காரி. தேடி வந்து அழுதிருக்கிறேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல், கட்டளை போட்டு அனுப்புகிறாளே என்று நினைத்தேன். நீதிமன்றச் சரிவில் பாதி இறங்கும் வரை அந்தக் கோபம் இருந்தது. பிறகு அது போக வேண்டிய இடம் வேறு என்று தெரிந்து நேராகக் கடைக்குப் போனேன்.

“அத்தான், ஞாயித்துக்கிழமை என்கூட தெமோதரைக்கு வாங்க. அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டு வருவோம்.”

“தோட்டத்துக்கா? லயத்துக்கு? நானா?”

“அவங்க வந்து ஒங்க கால்ல விழுந்தாங்களே. நீங்க அங்க போனா என்ன?”

“இந்தா பாரு,” என்று மெதுவாகச் சொன்னார், விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போல. “அவ இங்கயே நின்னிருந்தா இன்னிக்கும் சாரிதான் மடிச்சிக்கிட்டிருப்பா. நாம வெளிய அனுப்புனதாலதான் படிச்சு லோயரானா. கணக்குப்படி பாத்தா அவதான் நமக்கு நன்றி சொல்லணும்.”

நாற்பது வருடமாக அந்த மனிதர் முன் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று என்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில்லை. வாடிக்கையாளர்கள் வெளியே போனதும், வேலை செய்யும் பிள்ளைகள் துணித் தட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கியதும் நினைவிருக்கிறது. “நீங்க ஒரு மனுசனா?” என்று கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். தெமோதரை வரை பஸ், அதற்கு மேல் ஆட்டோ. ஆட்டோவும் ஏற முடியாத இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே நடந்தேன். முழங்கால் வலித்தது. அந்தப் பிள்ளை தினமும் இந்தப் பாதையில் இறங்கித்தான் எட்டு மணிக்குக் கடைக்கு வந்திருக்கிறாள். ஒரு நாள் பத்து நிமிடம் பிந்தி வந்ததற்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது.

நீளமான லயம். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ். கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் அந்த அம்மா மாட்டுக்குப் புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும். ஒல்லியாகி, வளைந்து போயிருந்தாள். பதுளையில் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் பலமுறை கூப்பிட்டும் போகாதவள்.

“யாரும்மா? யாரத் தேடி வந்தீங்க?”

“ஒங்களைத்தான். நான் பதுளைப் புடவைக்கடை.”

கை நின்றது. “வேற என்னத்தக் காணோம்?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். அவளுடைய மகள் அந்தச் சேலையை எடுக்கவில்லை. பையைப் பார்த்தது நான், அதில் சேலை இல்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியில் திரும்பி வந்ததைப் பிரித்ததும் நான், விற்றதும் நான். எதையும் விடாமல் சொன்னேன். அவள் இடைமறிக்கவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

“திரும்பி வந்தது எப்ப?”

“மூணு வாரத்துல.”

“மூணு வாரம்.” புல்லைக் கீழே போட்டாள். “அந்த நேரம் எம்புள்ள சோறு தண்ணி இல்லாம சுருண்டு கெடந்தா. திருட்டுக் கழுதைக்கு ரோசத்தப் பாருன்னு நான் சொன்னேன். இந்த வாயால சொன்னேன். அப்ப ஒனக்குத் தெரியும்?”

நீங்க என்பது நீ ஆனது. அதுதான் சரி.

“தெரியும்.”

“பையில இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் தீவாளிப் பலகாரமும் தின்ன?”

“ஆமா.”

அவள் எழுந்து நின்றாள். “எந்திரி. என் காதுல வந்து சொல்லாத. அன்னிக்கு என் காதுலயா சொன்னீங்க? ஊரே பாக்க வச்சுத்தானே சொன்னீங்க. எந்திரி, வெளிய வா!” லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கேட்கும்படி கத்தினாள். “ஏய், எல்லாரும் வாங்க! பதுளையில இருந்து முதலாளியம்மா வந்திருக்கு! வந்து கேளுங்க!”

ஞாயிற்றுக்கிழமையானபடியால் எல்லோரும் வீட்டிலிருந்தார்கள். பெண்கள், பீலியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள், கைப்பேசியோடு இளைஞர்கள். முப்பது பேர் இருப்பார்கள். நான் சொன்னேன்.

“சத்தமா,” என்றாள் அவள்.

மறுபடி சொன்னேன். பின்னாலிருந்த ஒரு வயதானவருக்குக் காது கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் சொன்னேன்.

“அப்ப அந்தச் சாரிய யாருதான் எடுத்தது?” என்று அவர் கேட்டார்.

“யாரும் எடுக்கல ஐயா. அது தொலையவே இல்ல.”

பிறகு பக்கத்து வீட்டுக்காரி, “எனக்கு அப்பவே தெரியும், அந்தப் புள்ள அப்படிப்பட்டவ இல்லன்னு” என்றாள். அந்த அம்மா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“நீயாடி பேசுற? ஒம் மகன் கல்யாணத்துக்கு எம்மவளக் கூட்டிட்டு வராதன்னு சொன்னவ நீதானே!”

அதற்கு மேல் என்னை அவள் பார்க்கவேயில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு பிளேன்டீயாவது கொடுக்காமல் விட மாட்டார்கள். அன்று எனக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் இறங்கி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்திலுள்ள பழைய ரயில் பாலம் பார்க்க வந்த உல்லாசப் பிரயாணிகள் மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையால் சைகை காட்டி, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். தள்ளி நின்றேன்.

அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தாதியிடம் கேட்டேன். “எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அன்னிக்கு எப்படி என்னைய அவ்வளவு சிரிச்சுக் கூப்பிட்ட?”

“இங்க வர்ற எல்லா நோயாளியையும் சிரிச்சுத்தான் கூப்புடுவேன் அக்கா,” என்றாள், சிரித்துக்கொண்டே.

மேல் மாடித் திறப்பு விழா நடந்தது. பேனரும் தொங்கியது. மாணிக்கங்கள் ஒருத்தியும் வரவில்லை. நானும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். பெரிய அத்தானிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு பேர் தூது வந்தார்கள். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

ஸ்பிரிங்வெளி ஆசிரியைக்கு அனுப்பிய அழைப்பிதழ் தபாலில் கடைக்கே திரும்பி வந்தது. ‘எங்கள் கடையில் வளர்ந்த’ என்பதில் ‘வளர்ந்த’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘நின்ற’ என்று திருத்தியிருந்தாள். பெரிய அத்தானுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் உட்காரக் கூடாது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். இன்றும் அப்படித்தான். அவள் சொன்னது கடந்த காலமில்லை. என் கண்ணெதிரே ஆறு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் திருத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே தளபாடக் கடைக்குப் போய் ஆறு ஸ்டூல்கள் எடுத்து வந்தேன். பெரிய அத்தான் மறுநாள் அவற்றைக் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டினார். நான் வேறு ஆறு எடுத்து வந்தேன். “கடையா, மடமா?” என்று கத்தினார். “பாதி என் பேர்ல இருக்கு. என் பாதியில அவங்க உக்காரட்டும்” என்றேன். மாலையில் பை பார்ப்பதையும் நிறுத்தினேன். அதற்கும் சண்டை. இப்போது நான் கடைக்குப் போகும் நாளெல்லாம் எங்களுக்குள் சண்டைதான். கிளினிக்கில் பிரஷர் மாத்திரையைக் கூட்டித் தந்திருக்கிறார்கள்.

தெமோதரைப் பிள்ளையிடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. போன வாரம் ஒரு மாலை தொலைபேசி அடித்தது. எடுத்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

“அம்மா பத்தி ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அன்னிக்கு நீங்க போனப்புறம் எனக்குப் போன் பண்ணுச்சு. ஒண்ணும் பேசல, அழுதுச்சு, வச்சிருச்சு. அடுத்த ஞாயிறு நான் போனேன். ரெண்டு பேரும் மூஞ்சப் பாத்துக்க முடியாம நாள் பூரா இருந்தோம். கெளம்புறப்ப என் கன்னத்தத் தொட்டுச்சு. அடிச்ச பக்கம்.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“இப்ப அம்மாவுக்கு வேற வேலையே இல்ல. தினமும் ஒரு வீட்டோட சண்ட புடிக்குது. அந்தக் காலத்துல யாரு யாரு என்னென்ன சொன்னாங்கன்னு ஒண்ணையும் மறக்கல. ஒவ்வொருத்தரா வெளிய கூப்பிட்டுக் கேக்குது. லயமே நடுங்குது.” அவள் குரலில் சிரிப்பு போல ஏதோ இருந்தது. உடனே அதை நிறுத்திக்கொண்டாள். “நான் ஒங்களுக்கு நன்றி சொல்ல எடுக்கல.”

“தெரியும்.”

“லயத்துல முடிச்சிட்டு ஒங்க கடைக்கும் வரணும்னு சொல்லுது. பெரிய முதலாளிய நேர்ல பாக்கணுமாம். நான் தடுக்கப் போறதில்ல.”

“தடுக்காத,” என்றேன். “சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லு. அப்பத்தான் அவரு கல்லாவுல இருப்பாரு. கடை நெறைய ஆளும் இருக்கும்.”